கிட்டவா, எட்டவா?

வானொலியில் படத்தைப் பற்றிப் பேசுவது, வானொலியில் சமைத்துக் காட்டுவது மாதிரி. சத்தம் வரும், மணம் வராது. இருந்தும் சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் அப்படி ஒரு வேலையைச் செய்தேன். நேயர் ஒருவர் புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நேரான செம்மண் சாலை, இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் ஒரு மோட்டார் நிற்கிறது, தூரத்தில் ஒரு லாரி. "மோட்டாருக்கும் லாரிக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?" என்று கேட்டு, படத்தை நிலையத்தின் முகநூல் பக்கத்தில் போட்டோம்.

பதில்களைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் 50 மீட்டர் என்றார். இன்னொருவர் 2 கிலோமீட்டர் என்று சத்தியம் செய்தார். மெர்லிமாவிலிருந்து ஒரு பெரியவர் அழைத்து, "கிட்டதாம்மா" என்றார்.

"எவ்வளவு கிட்டங்கய்யா?"

"எட்டிப் பாத்தா தெரியுதே, அவ்வளவு கிட்ட."

கிட்ட என்கிறார், எட்டி என்கிறார். நான் சிரித்ததில் அடுத்த பாட்டு அரை நிமிடம் தாமதமானது. ஆனால் அவர் தப்பாகச் சொல்லவில்லை. நம் மொழியில் எட்ட என்றால் தூரம். எட்டும் என்றால் கைக்கு வரும். எட்டாது என்றால் வராது. "ஒரு எட்டு போயிட்டு வாரேன்" என்றால் ஓர் அடி எடுத்து வைப்பது. அந்த ஓர் எட்டு எட்டுக் கிலோமீட்டராக இருக்கலாம் என்பது தோட்டத்தில் வழி கேட்ட எல்லாருக்கும் தெரியும். "இந்தா, அந்த முக்குலதான்" என்று சொல்வார்கள். முக்கு வரும், ஆள் வராது.

விடை சுமார் 200 மீட்டர். எப்படிக் கண்டுபிடித்தோம்? மரங்களை எண்ணினோம். செம்பனையைப் பொதுவாக முக்கோணமாக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அப்படி நட்டால் ஒரு ஹெக்டருக்கு 143 மரம் வரை நிற்கும். மோட்டாரிலிருந்து லாரி வரை சாலையோர நிரையில் 22 இடைவெளி இருந்தது. ஒன்பதால் பெருக்கினால் 198.

விளையாட்டு அதோடு முடிந்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் அத்தை கூப்பிட்டார்.

ஒரு சதுரப் படம்

"அம்மாடி, படத்துல தூரம் கண்டுபிடிக்க முடியும்னு ரேடியோவுல சொன்னியே, மெய்யாவா?"

"மெய்தான் அத்தை. ஏன்?"

"எங்கிட்ட ஒரு படம் இருக்கு."

அந்தப் படத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கறுப்பு வெள்ளை, சதுரம், வெள்ளை ஓரம் மஞ்சளாகிவிட்டது. 1974இல் பாட்டி இறந்து, கருமாதி முடிந்த அன்று எடுத்தது. புதிதாகக் குவித்த மண்மேடு. அதற்குப் பின்னால் தாத்தா, 20 வயது அத்தை, 16 வயது அப்பா, இன்னும் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் தூரத்தில் தோட்டத்துக் கோயில். எல்லாவற்றுக்கும் பின்னால் லேடாங் மலை.

ஜாசின் பக்கத்துத் தோட்டம் அது. லயம் எப்போதோ போய்விட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். அடக்க நிலத்தில் பாட்டிக்கு நட்டிருந்த மரக்கட்டையும் காணாமல் போனது. கோயில் மட்டும் நிற்கிறது. வருடம் ஒருமுறை திருவிழாவுக்குப் போகும்போது, அத்தை கோயில் வாசலில் நின்று செம்பனையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று அவருக்கும் தெரியாது.

இதில் அத்தைக்கும் அப்பாவுக்கும் பல வருட வழக்கு.

"கோயில்லேருந்து கூப்பிடு தூரந்தான்" என்பார் அத்தை.

"இல்லக்கா, அரைக் கட்டை இருக்கும்" என்பார் அப்பா.

கட்டை, கல், பத்து

இளம் வாசகர்களுக்காக இங்கே ஒரு சின்ன நிறுத்தம். தோட்டத்துப் பேச்சில் கட்டை என்றால் மைல். சாலையோரம் மைலுக்கு ஒன்றாக நட்டிருந்ததை வைத்து வந்த பெயர். "மூணாங் கட்டையில இறங்கு" என்றால் மூன்றாவது மைலில் இறங்க வேண்டும். பாட்டுக்காரர்களுக்குக் கட்டை என்றால் சுருதி. ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவரை ஐந்தரை மைலுக்கு அப்பால் நிறுத்திக் கேட்பதே நல்லது என்று என் ஒலிப்பதிவாளர் சொல்வார். கட்டை என்றால் உயிர் போன உடம்பும்தான். ஒரே சொல்லில் தூரம், பாட்டு, சாவு மூன்றும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய ஆட்கள் மைலைக் கல் என்பார்கள். "கோயில் ரெண்டு கல் தூரம்." மலாய்க்காரர்களும் அதையேதான் செய்தார்கள். பத்து என்றால் கல், பத்து என்றால் மைல். நமக்குப் பத்து என்றால் பத்து. ஆகவே பத்து மைலைப் பாதித் தமிழிலும் பாதி மலாயிலும் சொன்னால் பத்து பத்து. கணக்கு வாத்தியார் நூறு என்பார். நம் மலாக்காவில் விமான நிலையம் இருக்கும் பத்து பெரண்டாமில் வருகிற பத்து, மைல் இல்லை, கல்லேதான். தண்ணீரில் ஊறிக்கிடக்கும் கல் என்று பொருள். நாட்டில் 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு மைல் மெல்லப் போய்க் கிலோமீட்டர் வந்தது. சாலையிலிருந்த மைல் கற்கள் போனாலும் வாயிலிருந்த கட்டை போகவில்லை.

வழக்குக்கு வருவோம். அரைக் கட்டை என்றால் 800 மீட்டர். கூப்பிடு தூரம் என்றால் நூறு மீட்டருக்குள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆயிரக்கணக்கான செம்பனை.

தெரிந்த ஒன்று வேண்டும்

படத்தில் தூரம் என்று ஒன்று இல்லவே இல்லை. இருப்பது ஒரு தாள். தூரத்து யானையும் பக்கத்துப் பூனையும் அதில் ஒரே அளவுதான். தூரத்தை நாம்தான் ஊகிக்கிறோம், அதுவும் நமக்கு அளவு தெரிந்த பொருள்களை வைத்து. ஆள் உயரம் தெரியும், கதவு உயரம் தெரியும், மோட்டாரின் நீளம் தெரியும். அவை படத்தில் எவ்வளவு சிறுத்திருக்கின்றன என்று பார்த்து, இவ்வளவு தள்ளி இருக்கும் என்கிறோம். புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் எடுத்த படம் என்றால் இன்னும் வசதி. அந்த ரயில் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி சரியாக ஒரு மீட்டர். தரையில் படுத்திருக்கும் அளவுகோல் அது.

தெரிந்த பொருள் ஒன்றுகூட இல்லாவிட்டால்? 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில் நிலாவுக்குப் போன ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் 'கோன்' என்ற பெரும் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். அங்கே மரமில்லை, வீடில்லை, ஆளில்லை. காற்றே இல்லாததால் தூரத்துப் பாறைமேல் மங்கலும் இல்லை. பக்கத்துக் கல்லும் தூரத்து மலையும் ஒரே தெளிவு. நேரம் முடிந்து, விளிம்பைப் பார்க்காமலே திரும்பினார்கள். பிறகு படங்களை வைத்துக் கணக்குப் போட்டபோது, விளிம்பு சுமார் 30 மீட்டரில் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. மூன்றே செம்பனை தூரம்!

மங்கலைச் சொன்னேன் இல்லையா? அதுவும் நமக்கு ஓர் அளவுகோல்தான், ஆனால் ஏமாற்றுகிற அளவுகோல். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஜாசினிலிருந்து லேடாங் மலையைப் பாருங்கள், கை நீட்டினால் தொடலாம் போலிருக்கும். புகைமூட்ட மாதத்தில் மலை வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது போலிருக்கும். உண்மையில் எப்போதுமே வேறு மாநிலம்தான், உச்சி இருப்பது ஜொகூரில். ஜாசின் பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

அந்த மலையைக் கைப்பேசியில் எடுத்து, "நேர்ல எவ்ளோ பெருசு, படத்துல எறும்புப் புத்து மாதிரி இருக்கே" என்று வருந்தாதவர் உண்டா? அதற்கும் கணக்கு இருக்கிறது. இன்றைய கைப்பேசிகளின் முதன்மைக் கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்து, பெரிதாக்காமல் எடுத்தால், படத்தின் மேலிருந்து கீழ் வரை அடங்கும் உயரமும் பொருள் இருக்கும் தூரமும் ஏறக்குறைய சமம். 20 கிலோமீட்டரில் எடுத்தால் படத்தின் உயரம் 20 கிலோமீட்டர். மலையோ 1,276 மீட்டர். ஆகவே படத்தில் பதினாறில் ஒரு பங்குதான். பாவம், மலை என்ன செய்யும்?

இதே கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள். 1.2 மீட்டர் உயரமுள்ள பிள்ளை, படுக்கைவாட்டுப் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் 12 மீட்டர் தள்ளி நிற்கிறது. இருபதில் ஒரு பங்கு என்றால் 24 மீட்டர். பள்ளி விளையாட்டுப் போட்டியில் எடுத்த படங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். நேரம் போவதே தெரியாது.

எது நகரும், எது நகராது

பழைய படத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அளவுகோலாக நினைக்கும் பொருளே நகர்ந்திருக்கும். பண்டார் ஹிலிரில் பழைய கோட்டை வாசல் பக்கம் எடுத்த பழங்காலப் படங்களைப் பார்த்தால் கடல் பக்கத்திலேயே இருக்கும். 1956 பிப்ரவரி 20ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத் தேதியை அறிவித்த திடலும் அன்று கடலோரம்தான். இன்று அதே இடத்தில் நின்றால் கடலைக் காணோம், கடைத்தொகுதிதான் தெரிகிறது. கடலைத் தூர்த்தார்கள், கடல் தூரமானது. படத்தில் உள்ள கடற்கரையை இன்றைய வரைபடத்தில் தேடினால் கணக்குத் தப்பும்.

மரம் வளரும், வெட்டுப்படும். லயத்தை இடிப்பார்கள். சாலையைத் திருப்புவார்கள். மலை மட்டும் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் மார்க் கிளெட் என்ற புகைப்படக்காரரும் நண்பர்களும் 1977 முதல் 1979 வரை, நூறாண்டுக்கு முந்தைய நில ஆய்வுப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட அதே இடங்களைத் தேடிப் போனார்கள். அவர்கள் வழி எளிது. படத்தில் பக்கத்துப் பாறையின் முனை தூரத்து மலையின் எந்த இடத்தை மறைக்கிறது என்று பார்ப்பார்கள். அப்படியே மறைக்கும் வரை நகர்வார்கள். அப்படி இரண்டு மூன்று பொருத்தம் சேர்ந்துவிட்டால், பழைய புகைப்படக்காரரின் கால் பட்ட இடம் அதுதான்.

அத்தை படத்திலும் அப்படி ஒரு பொருத்தம் இருந்தது. கோயில் கலசம், லேடாங் உச்சிக்கு இடப்பக்கம் உள்ள ஒரு பள்ளத்துக்கு நேர் கீழே நின்றது.

ஏழு மரம்

அத்தை மகன் படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினார். வரைபட வேலை பார்ப்பவர், அளவென்றால் உயிர். கேமரா எது என்று அப்பாவிடம் கேட்டோம். "பட்டணத்து ஸ்டூடியோக்காரர் நெஞ்சுல பெட்டிய மாட்டிக்கிட்டு, குனிஞ்சு பாத்து எடுத்தாரு" என்றார். சதுரப் படம், குனிந்து பார்க்கும் பெட்டி, போதும். அந்த வகைக் கேமராவில் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் லென்ஸ், படச்சுருளில் பதிவது 56 மில்லிமீட்டர் சதுரம். பத்து மீட்டர் தள்ளி நின்றால் ஏழு மீட்டர் அடங்கும்.

படம் 7 சென்டிமீட்டர். அதில் தாத்தா 2.1 சென்டிமீட்டர். தாத்தா தன் உயரம்தான் என்றார் அப்பா, அதாவது 1.65 மீட்டர். கணக்குப்படி தாத்தா கேமராவிலிருந்து 8 மீட்டர். கோயில் படத்தில் வெறும் 5 மில்லிமீட்டர். முன்மண்டபம் புதிது என்றாலும் கருவறை அன்று இருந்ததுதான், தரையிலிருந்து கலசம் வரை 3.6 மீட்டர். அப்படியானால் கோயில் கேமராவிலிருந்து 72 மீட்டர். 72இல் 8 போனால் 64.

"ஆய கலைகள் அறுபத்து நாலு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த 5 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் பிசகினால் தரையில் ஏழெட்டு மீட்டர் பிசகும். லென்ஸ் 75ஆக இருந்தால் இன்னும் நாலு மீட்டர் குறையும். ஆகவே 64 என்பது கடப்பாரை ஊன்றுகிற எண் இல்லை. ஒரு மரம் முன்னே பின்னே இருக்கலாம்.

தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். எங்கள் அதிர்ஷ்டம், பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்திருந்தார்கள். கன்றுகள் இடுப்பளவு. மலை நன்றாகத் தெரிந்தது. இன்னும் சில வருடம் போயிருந்தால் ஓலை மூடி மலையே தெரியாது, கணக்கும் நடக்காது.

கலசமும் மலைப்பள்ளமும் ஒரு கோட்டில் வரும்படி அத்தை மகன் பின்னாலேயே நடந்தார். ஒரு தப்படி விலகினாலும் கலசம் பள்ளத்தைவிட்டு நகர்ந்துவிடும். அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, நானும் அப்பாவும் கோயிலிலிருந்து டேப் இழுத்தோம். முப்பது, அறுபது, அப்புறம் நாலு. நிரையும் ஏறக்குறைய அதே பக்கம் ஓடியதால் கன்றுகளை எண்ணியும் பார்த்தோம். ஏழு.

அங்கே ஒன்றும் இல்லை. புல், காய்ந்த மட்டை, உரம் போட்ட வெள்ளைத் தடம். மரக்கட்டையின் துண்டுகூட இல்லை. எதையாவது காண்போம் என்று நான்தான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

அத்தை இந்தக் கன்றையும் அடுத்த கன்றையும் பார்த்தார். "இந்த ரெண்டு மரத்துக்குள்ள எங்கம்மா இருக்கு. போதும்" என்றார். செருப்பைக் கழற்றினார். பூவை ஓர் இடத்தில் வைக்காமல் இரண்டு கன்றுக்கும் நடுவில் தூவினார். பிறகு கோயில் பக்கம் திரும்பி, டேப்பைச் சுற்றப் போயிருந்த அப்பாவை, "தம்பீ!" என்று கூப்பிட்டார். அப்பா திரும்பிப் பார்த்தார். கூப்பிடு தூரம்தான்.

வண்டியில் வரும்போது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. ஆயர் குரோ தாண்டியதும் சொன்னார்: "கோயில்லேருந்து பாடைய நான்தான் முன்னால தூக்குனேன். பதினாறு வயசு. எனக்கு அது அரைக் கட்டைதாம்மா."

அந்தக் கணக்கிலும் தப்பில்லை.

தொலைவும் தொலைந்ததும்

தொலைவு என்றால் தூரம். தொலைந்தது என்றால் காணாமல் போனது. இரண்டுக்கும் வேர் ஒன்று. கிட்ட என்றால் பக்கம். கிட்டியது என்றால் கிடைத்தது. அதுவும் அப்படியே. பிள்ளைக்குச் சேய் என்று பெயர், தூரத்துக்குச் சேய்மை என்று பெயர். வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிந்தது இதுதான். லென்ஸ் கணக்கை யாரும் படித்துக்கொள்ளலாம். ஆனால் தாத்தா யார் உயரம், கருவறை பழையதா புதியதா, கேமராவைக் குனிந்து பார்த்தாரா நிமிர்ந்து பார்த்தாரா என்ற மூன்றும் கணினியில் இல்லை. அவை அப்பாவிடமும் அத்தையிடமும் இருந்தன. அந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஏழு மரம் வந்திருக்காது. படம் இன்னும் ஐம்பது வருடம் இருக்கும். அளவு தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரு சின்ன வேலை. வீட்டில் உள்ள பழைய தோட்டத்துப் படம் ஒன்றை எடுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இது யார்?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். இந்தக் கதவு எவ்வளவு உயரம், கிணறு எந்தப் பக்கம், இந்த இடத்திலிருந்து மலை தெரியுமா, வீட்டிலிருந்து பெரட்டுக்கு எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள். பதில்களைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

"கிட்டதான்" என்று மட்டும் பதில் வந்தால் விடாதீர்கள். எத்தனை மரம் என்று கேளுங்கள்.